டி மோர்கன்: விற்காத டைல்ஸும் விற்ற நாவலும்

பொறியியல் படித்தவர்களுக்கு டி மோர்கன் விதி மறந்திருக்காது. டிஜிட்டல் லாஜிக் வகுப்பில் ‘அண்ட்’டை ‘ஓர்’ ஆக்கிப் புரட்டிப் போடுவோமே, அதேதான். அதை எழுதிய அகஸ்டஸ் டி மோர்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். அவர் மகன் வில்லியம் (1839–1917) கணக்குப் பக்கம் போகவில்லை, லண்டனில் டைல்ஸ் செய்தார். செல்சி, மெர்டன், ஃபுல்ஹம் என்று பட்டறை இடம் மாறிக்கொண்டே இருந்தது. பணக்கஷ்டம் மட்டும் மாறவில்லை. 1907இல் மூடிவிட்டார்.

இவரைப் பற்றிப் பேசும்போது ஒரு கதை தயாராக வந்து நிற்கும்: இயந்திரத்தோடு மோதித் தோற்ற கலைஞன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டறைக்குள் நடந்ததைப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது.

முதலில் இயந்திரத்தின் பக்கம். 1840இல் ரிச்சர்ட் புரோசர் என்பவர் உலர்ந்த களிமண் தூளை அச்சில் வைத்து அழுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பொத்தான் செய்யத்தான் அந்த யோசனை. ஸ்டோக் நகரத்து ஹெர்பர்ட் மின்டன் அதை டைல்ஸுக்குக் கொண்டுபோனார். தூளில் ஈரம் குறைவு. அதனால் சுருக்கமும் கோணலும் குறைவு, காய வைக்கும் நேரமும் மிச்சம். விலை இறங்கியது. அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் மட்டும் போன அலங்காரம் சாதாரண வீட்டுக் கணப்படுப்புவரை வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் கடைவீடுகளின் முகப்பில் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டியிருப்பதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். இதைச் சும்மா ‘தொழிற்சாலைச் சரக்கு’ என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இப்போது டி மோர்கன் பக்கம். மெல்லிய தாளில் ஓவியத்தைத் தீட்டி, டைலின்மேல் ஒட்டி, மேலே மெருகு பூசிச் சூளையில் வைப்பார்கள். தாள் எரிந்துபோகும், ஓவியம் தங்கிவிடும். அற்புதமான உத்தி. ஆனால் அந்தத் தாளில் தீட்டியவர்கள் யார்? பெரும்பாலும் பாசஞ்சர் சகோதரர்கள் போன்ற பட்டறை ஓவியர்கள். அவர்கள் பின்பற்றியது டி மோர்கனின் வடிவங்களை. ரஸ்கின் கேட்ட சுதந்திரமான தொழிலாளியின் கை அது இல்லை. நன்றாகப் பழகிய நகலெடுக்கும் கை. இன்னொன்று, அவருடைய பிரபலமான பூ வடிவம் ஒன்றின் பெயர் ‘பிபிபி’. பார்னார்ட், பிஷப் அண்ட் பார்னார்ட்ஸ் என்ற இரும்பு வார்ப்பு நிறுவனத்தின் கணப்படுப்புகளுக்காகச் செய்தது. ஆக, அவரும் சந்தைக்குள் இருந்தவர்தான், வெளியே நின்று சாபமிட்டவர் அல்ல.

பிறகு எதில் அவர் பெரியவர்? ஒரு சின்னச் சதுரத்துக்குள் மயிலையும் மீனையும் டோடோவையும் நெளித்து மடக்கி, நெருக்கடி தெரியாமல் உட்கார வைத்ததில். தாமிரத்தையும் வெள்ளியையும் வைத்து, ஆக்சிஜன் குறைந்த சூளையில் பழைய லஸ்டர் மினுக்கத்தை மீட்டதில். புகையும் சூடும் கொஞ்சம் பிசகினால் மொத்தமும் வீண். அப்பாவின் பிள்ளைதான், விடாமல் சோதித்துக்கொண்டே இருந்தார்.

கதையின் உண்மையான திருப்பம் இனிதான். 1906இல், 66 வயதில், ‘ஜோசப் வான்ஸ்’ என்ற முதல் நாவலை வெளியிட்டார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிய்த்துக்கொண்டு போனது. டைல்ஸ் தராத பணத்தை நாவல்கள் தந்தன. இன்று அந்த நாவல்களைத் தேடிப் படிப்பவர்கள் மிகக் குறைவு. விற்காத டைல்ஸோ விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தியா, விற்காததுதான் நிற்கும்’ என்று நம் இலக்கிய நண்பர்கள் குதிக்கலாம். அவசரம் வேண்டாம். மின்டனின் டைல்ஸ் விற்றன, அவையும் நிற்கின்றன. விற்காமல் போய், நிற்காமலும் போன பட்டறைகளின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். விற்பனையை வைத்து ஒரு நூலை உயர்த்துவதும் தவறு, விற்காததை வைத்து உயர்த்துவதும் தவறு. இரண்டிலுமே நாம் பார்ப்பது கல்லாப்பெட்டியைத்தான். புத்தகத்தை எப்போது பார்க்கப்போகிறோம்?