வீரப்புனைகதை ஒலிநூல்களில் கூற்றும் குரலும்

செய்யுளுக்குத் தொல்காப்பியர் வகுத்த 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் என்பனவும் அடங்கும். சொல்வோர் யார், கேட்போர் யார், எவ்விடத்துச் சொல்லப்பெறுகிறது என்னும் இவற்றை ஆசிரியர் செய்யுளுக்குப் புறம்பானவையாகக் கருதாது உறுப்புகளாகவே கொண்டமை உளங்கொளத்தக்கது. அச்சு நூல் பெருகித் தனித்திருந்து வாய்க்குள்ளே படிக்கும் வழக்கம் நிலைபெற்ற பின்னர், இவ்வுறுப்புகள் அகப்பாடல்களை விளக்குதற்கு மட்டுமே உரியனபோல் ஆயின. இன்றோ கதைநூல்கள் ஒலிநூல்களாகிக் கைப்பேசி வழியே செவிக்கு வருகின்றன. ஆதலின் கூற்றும் கேட்போரும் மீண்டும் ஆராய்ச்சிக்கு உரியவாகின்றன. வீரப்புனைகதையை ஒருவர் குரலிற் படித்தல் தக்கதா, பலர் குரலில் நடித்தல் தக்கதா என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட வினா. வரலாற்றினின்றோ புராணத்தினின்றோ ஒரு கருவைப் பெற்று, அதன்மேல் வியப்பும் அச்சமும் மறைபொருளும் கற்பனையால் ஏற்றி வளர்க்கும் கதையையே வீரப்புனைகதை என்கின்றோம்.

இவ்வினா எமக்கு நூலகத்திற் பிறந்தது அன்று. தாராசுரத்தில் பட்டுத்தறி ஓட்டும் முதியவர் ஒருவர் இல்லத்திற் பிறந்தது. அவர் கண் அச்செழுத்தைக் காண மறுக்கிறது. கையும் காலும் மட்டும் நாடாவையும் மிதியையும் மறக்கவில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வனை’ அவர் பல குரல்களும் இசையும் கலந்த வடிவில் ஒருமுறையும், ஒருவரே படிக்கும் வடிவில் ஒருமுறையும் தறியில் இருந்தவாறே கேட்டு முடித்தவர். இரண்டனுள் எது நன்று என வினவியபோது, “பலர் பேசினால் பேசுகிறவர் யார் என்று பார்க்கத் தலையைத் தூக்கிவிடுகிறேன், ஒருவர் சொன்னால் தறியிலேயே இருந்து கேட்கிறேன்” என்றார். இஃது அவர் பழக்கத்தின் பாற்பட்டது என்றே முதலிற் கருதினோம். நூலை அருகில் வைத்து ஒப்புநோக்கிய பின்னர், அக்கூற்றுக்கு நூலிலேயே சான்று இருத்தலைக் கண்டோம்.

பல குரல் வடிவின் நலனை முதலிற் கூறுதல் முறையாகும். பம்பாய் கண்ணன் பலர் குரல்களைக் கொண்டு ஆக்கிய ‘பொன்னியின் செல்வன்’ ஒலிநூல் இவ்வகையில் பலரும் அறிந்தது. அச்சில் ஐந்து பாகமாக விரிந்த கதையைப் படிக்க அஞ்சுவோரையும் இத்தகைய ஆக்கங்கள் கதைக்குள் ஈர்க்கின்றன. ஆழ்வார்க்கடியானின் சமய வாதமும் வந்தியத்தேவனின் குறும்புப் பேச்சும் இருவேறு குரல்களில் மோதும்போது நகைச்சுவை மிகுதல் உண்மை. உரையாடலே மிக்க இடங்களில் இம்முறை வெற்றி பெறும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அந்நாவல் உரையாடலால் மட்டும் இயன்றது அன்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த அக்கதையில், ஆசிரியரே ஒரு பாத்திரமாக நிற்கின்றார். அவர் தொடக்கத்திலேயே வாசகரை விளித்துப் பழங்காலத்திற்கு அழைத்துச் செல்கின்றார். இடையிடையே முன்நிகழ்ந்தவற்றை நினைவூட்டுகின்றார். சிலவற்றை வேண்டுமென்றே மறைக்கின்றார். அச்சிற் படிப்போர் தாண்டிச் செல்லும் அந்நினைவூட்டல், கைவேலையினிடையே கேட்போர்க்குப் பெருந்துணையாகின்றது. பல குரல் வடிவிலோ இவ்வாசிரியக் கூற்று, நடிகர் இருவர் பேச்சுக்கு இடையே காட்சியை அறிவிக்கும் குறிப்பாகச் சுருங்கிவிடும் இடர் உண்டு.

இரண்டாவது, நந்தினியின் பாத்திரம். அவள் நெஞ்சில் உள்ளது பழியோ, காதலோ, பிறப்பறியாத் துயரோ என்பதைக் கல்கி நெடுந்தொலைவு தெளிவிக்காமலே கொண்டுசெல்கின்றார். அவ்வையமே பாத்திரத்தின் உயிர். நடிப்பவர் முதற் சொல்லிலேயே நஞ்சு தோன்றப் பேசுவாராயின், ஆசிரியர் நூறு அத்தியாயங்களுக்கு மேலாகக் காத்த மறைபொருள் ஒரு நொடியில் வெளிப்பட்டுவிடும். ஒருவரே படிக்கும்போதும் இக்குற்றம் நேர்தல் கூடும். எனினும் எல்லார் சொல்லையும் ஒரே நாவாற் சொல்பவர்க்கு ஒரு பாத்திரத்தைத் தனியே குற்றவாளியாக்கும் தேவை குறைவு.

மூன்றாவது சான்றே வலியுடையது. மந்தாகினி என்னும் ஊமை ராணி கதையின் நடுநாடிகளுள் ஒருத்தி. குழந்தைப் பருவத்தில் அருள்மொழியைக் காவிரி வெள்ளத்தினின்று காத்தவளும், இறுதியிற் சுந்தர சோழர்மீது எறியப்பட்ட வேலைத் தான் ஏற்று உயிர் நீப்பவளும் அவளே. அவளுக்குப் பேச்சு இல்லை. எத்துணைப் பேர் குரல் கொடுத்தாலும் அவளுக்கெனக் கொடுக்க ஒரு குரல் இல்லை. அவள் கையசைவும் கண்ணீரும் ஆசிரியக் கூற்று ஒன்றாலேயே கேட்போரை அடைகின்றன. ஆசிரியக் கூற்றைச் சுருக்கிய ஆக்கத்தில் முதலில் இழக்கப்படுபவள் அவளே. முதியவர் தம் கருத்தை விளக்கியபோது எடுத்துக்காட்டியதும் இவளைத்தான். ஒரு குரலில் கேட்டபோதே அவள் இறந்த பகுதியில் தறியை நிறுத்தியதாகக் கூறினார்.

இக்கருத்துத் தாராசுரத்திற்குப் புதிதன்று. இவ்வூர்ப் பெருங்கோயிலை எடுப்பித்த இரண்டாம் இராசராசனின் அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தர். அவர் பாடிய தக்கயாகப்பரணி, வீரபத்திரர் தக்கன் வேள்வியை அழித்த போரைப் பொருளாகக் கொண்டது, 1930-இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பழைய உரையுடன் பதிப்பித்தார். இவ்வூர் வீரபத்திரர் கோயிலைக் கூத்தரொடு தொடர்புறுத்தும் மரபும் உண்டு. பேயும் கூளியும் காளியும் நிறைந்த பரணியினும் சிறந்த வீரப்புனைவைத் தமிழிற் காண்டல் அரிது. அப்பரணி இலக்கியம் கேட்போரை முன்னிறுத்தியே தொடங்குகின்றது. கடைதிறப்பு என்பது மகளிரை விளித்துக் கதவைத் திறக்கச் சொல்லும் பகுதியன்றோ? அடுத்து, சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் ‘காளிக்குக் கூளி கூறியது’ என்னும் பகுதியை நோக்குக. குலோத்துங்கன் கட்டளையும், கலிங்க வேந்தன் சினமும், அமைச்சன் எங்கராயன் அறிவுரையும் கூளி ஒன்றின் வாய்மொழியாகவே வருகின்றன. களத்தைக் கண்ட ஒரு நா சொல்ல, காணாத ஒருத்தி கேட்கின்றாள். போர்க்கதைக்குப் பரணிப் புலவர் கண்ட அமைப்பு இதுவே.

நடிப்பை நம் முன்னோர் வெறுத்தனர் என்பது இதன் பொருளன்று. வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் கோயில் விழாக்களிற் பகலிற் பாரதப் பிரசங்கமும் இரவிற் கூத்தும் நிகழ்தலை அறிவோம். பிரசங்கியார் ஒருவரே கதையை விரித்துரைப்பார்; கூத்தர் பலராய் ஆடுவர். ஒன்று மற்றொன்றன் வேலையை மேற்கொள்வதில்லை. பல குரல் ஆக்கத்தை ஒலிநாடகம் என்றும், ஒரு குரல் ஆக்கத்தை ஒலிநூல் என்றும் பிரித்து வழங்கின், இரண்டும் தத்தம் இலக்கணத்தால் மதிக்கப்பெறும்.

இனி, ஒரு குரலிற் படிப்போர்க்கு உரிய கடமையும் எளிதன்று. எடுத்தல், படுத்தல், நலிதல் என உரைகாரர் கூறும் ஓசை வேறுபாடுகள் இன்றிப் படிப்பது பட்டியல் வாசிப்பதனோடு ஒக்கும். நிறுத்தம் பிழைத்தால் பொருளே மாறும். ‘செம்பொன்பதின்தொடி’ என்பது பிரிக்கும் இடத்திற்கேற்பப் பொன்னாகவும் செம்பாகவும் ஆதலை இலக்கணம் பயில்வோர் அறிவர். ஊர்ப்பெயர்களில் தனிக் கருத்து வேண்டும். யாம் கேட்ட ஓர் ஒலிநூலிற் படிப்பவர் ‘பழையாறை’ என்பதை இரண்டாக உடைத்து, ‘ஆறு’ என்னும் சொல் அதில் இருப்பதுபோல் ஒலித்தார். குந்தவை வாழ்ந்ததாகக் கதை கூறும் அவ்வூர் தாராசுரத்தின் அண்மையில் உள்ளது. நூலில் வரும் அரிசிலாறு இப்பகுதி மக்கள் நாவில் அரசலாறு. இவ்வூரார் செவிக்குப் படிப்பவர் ஒரே சொல்லில் அயலாராகிவிட்டார். அதன்பின் அவர் காட்டிய வீரம் அத்துணையும் நம்பிக்கை பெறாது போயிற்று.

ஏட்டுச்சுவடியின் பாடவேறுபாட்டை ஆராய்வதற்கு நாம் செலவிடும் உழைப்பிற் சிறுபகுதியேனும் ஒலிநூல்களுக்குச் செலவிடல் வேண்டும். படிப்பவர் விடுத்த தொடரும், பிழைத்த நிறுத்தமும், ஏற்றிய உணர்ச்சியும் பாடவேறுபாடுகளே. முதுகலை மாணவர் இத்துறையில் இறங்கின் பயன்படும் ஆய்வுகள் பல கிடைக்கும். அச்சு நூல் உடையோர் ஐயம் தோன்றியவிடத்து ஏட்டைப் புரட்டித் தெளிவர். தறியருகே அமர்ந்த அம்முதியவர்க்கோ புரட்டுவதற்கு வேறு ஏடு இல்லை; அவர் செவியில் விழும் குரலே அவருக்கு நூல். அந்நூல் பிழையின்றி அமைதல் வேண்டும் என்பதே எம் கருத்து.