கத்திக்கு அணி தகுமா?

ஒருவர் கைக்கென ஒன்றாகக் கொல்லர் அடித்துத் தரும் கத்திகளை மேனாட்டார், சிறப்பாக அமெரிக்கர், கலைப்பொருளாகவே போற்றி வருகின்றனர். ஆர்ட் நூவோ, ஆர்ட் டெக்கோ எனும் அணிக்கலைப் பாணிகள் அவற்றின் பிடியிலும் அலகிலும் இடம்பெறுகின்றன. இதனைக் கேட்டதும் தமிழாசிரியர் சிலர் புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்து நீட்டுவர். பீலி சூட்டி, நெய் பூசிக் காவல் மனையில் வைத்த தொண்டைமானின் படைக்கலங்களையும், நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் ஔவையார் அருகருகே நிறுத்திக் காட்டினார் அல்லரோ? உண்மைதான். ஆயினும் அப்பாட்டு எள்ளுவது அணியை அன்று, களம் காணாமையை. அதைக் கொண்டு அணிசெய்த கத்தி யாவும் வீண் என்று தீர்ப்புரைத்தல் பொருந்தாது. எவ்வணி தகும், எது தகாது என்று பார்ப்பதே முறை.

ஆர்ட் நூவோ ஏறத்தாழ 1890 முதல் 1910 வரை ஐரோப்பாவில் செழித்த பாணி. கொடி, தண்டு, மலரிதழ், தும்பிச் சிறகு இவற்றின் நெளிகோடே அதன் உயிர். ஆர்ட் டெக்கோ 1925இல் பாரிசில் நடந்த அணிக்கலைக் கண்காட்சியால் பெயர்பெற்றது. நேர்கோடும் படிக்கட்டு வடிவும் விரிகதிரும் அதன் இலக்கணம். கோலாலம்பூரில் 1937இல் எழுந்த மத்தியச் சந்தையின், இன்றைய பசார் செனியின், முகப்பைக் கண்டவர்க்கு விளக்கம் வேண்டா.

இவ்விரண்டனுள் கத்திப் பிடிக்கு இயல்பாகப் பொருந்துவது முன்னதே என்பேன். மூடிய உள்ளங்கையில் நேர்கோடு ஏது? தடித்தும் சிறுத்தும் வளையும் கொடித்தண்டு போன்ற பிடி விரல்களுக்குள் தானே அமர்கிறது. படிப்படியாக வெட்டிய பிடியோ கண்ணுக்கு விருந்து, கைக்குத் தண்டனை. பால்வெட்டுக் கத்தி பிடித்த தோட்டத்து மக்களைக் கேளுங்கள். பிடியில் ஒரு விளிம்பு உறுத்தினாலும் நிரை முடியுமுன் உள்ளங்கை கொப்புளித்துவிடும். அதனால் ஆர்ட் டெக்கோவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சட்டைப்பையில் வைக்கும் மடக்குக் கத்தியின் பக்கங்கள் தட்டையானவை. பழம் நறுக்கவும் கடித உறை கிழிக்கவும் சில நொடியே அது கையில் இருக்கும். அங்கே முத்துச்சிப்பியும் கருங்காலியும் மாறி மாறிப் பதித்த கோணக்கோலம் எடுப்பாகவே விளங்குகிறது.

என் குறையெல்லாம் அலகைப் பற்றியது. அலகின்மேல் உளியால் செதுக்கிய பூங்கொடி, எத்துணை நுட்பமாயினும், மேற்பூச்சே. தீட்டத் தீட்ட அலகு தேயும். வாய்ப்புறத்துக் கொடி முதலில் அழியும். இருவகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து ஆக்கிய அலகின் கோலம் அத்தகையதன்று. அது உடல் முழுதும் ஊடுருவியது. தேய்ந்தபின் மெருகிட்டு அமிலத்தில் தோய்த்தால் மீண்டும் முகம் காட்டும். வில்லியம் மோரான் என்னும் அமெரிக்கக் கொல்லர் 1973இல் இத்தகைய கத்திகளைக் கண்காட்சியில் வைத்தபின் அந்நாட்டில் இவ்வேலை புத்துயிர் பெற்றது.

மலாய்க் கொல்லர்க்கோ இது வழிவழி வந்த தொழில். கிரிஸ் அலகில் நீர்த்திரை போல் ஓடும் 'பாமோர்' வரைந்ததன்று. நிக்கல் கலந்த இரும்பை அடுக்கில் சேர்த்து அடித்ததனால் பிறந்தது. எலுமிச்சைச் சாறும் பாடாணமும் அதனை வெளிக்கொணர்கின்றன. ஆர்ட் நூவோவின் நெளிவை அலகில் காட்ட விரும்பும் மேனாட்டுக் கொல்லர்கள், செதுக்குளியைச் சற்றே ஒதுக்கிவைத்து, கிரிஸ் ஒன்றைக் கையிலெடுத்து ஓரிரவு பார்த்திருக்கலாம்.