சாமிக்கு யாரும் சிகரெட் நீட்டுவதில்லை

கார்த்திகை பிறந்தால் தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். ஐப்பசி வரை நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதியவர், சபரிமலை விரதத்துக்காகக் கழுத்தில் துளசி மாலையும் இடுப்பில் கறுப்பு வேட்டியுமாக வந்து டீயை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார். மருந்து இல்லை, மருத்துவர் இல்லை, ஆலோசகர் இல்லை. மாலை போட்டுக்கொண்டே மறைவில் இழுப்பவர்களும் உண்டு. அது ஊரறிந்த ரகசியம். ஆனாலும் ஒரு மண்டலம், 41 நாள், முழுக்க நிறுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே அதே கடையில் அதே பிராண்டைக் கேட்கிறவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

பிறர் தரும் ஊக்கத்தால் புகையை விடுவதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. நிகோடினை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தூக்கக்குறைவு, கவனச்சிதறல், அடங்காத பசி ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தணிந்துவிடும். ஆகவே விரதம் முடிக்கும் ஆள், உடம்பைப் பொறுத்தவரை, மோசமான கட்டத்தைக் கடந்தவர். ஆனாலும் திரும்பப் போகிறார் என்றால், அந்த 41 நாள் அவரைச் சுற்றி இருந்த ஏதோ ஒன்று விலகிப்போயிருக்கிறது.

அதைப் பிரித்துப் பார்த்தால், ஊக்கம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது அதில் மிகக் கொஞ்சம். "உன்னால முடியும்" என்று யாரும் முதுகில் தட்டுவதில்லை. நேற்றுவரை 'மச்சி' என்றவன் இன்று 'சாமி' என்கிறான். "ஒரு தம் போட்டுட்டு வரலாம் வா" என்ற அழைப்பே வருவதில்லை. தெரியாமல் யாராவது நீட்டினாலும் பக்கத்தில் நிற்பவர் "டேய், சாமிடா" என்று தடுத்துவிடுவார். மறுக்கும் வேலையையே ஊர் அவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. கூடவே அதே தெருவில் இன்னும் சிலர் அதே விரதத்தில் இருக்கிறார்கள். சாயங்காலம் பஜனைக்கு ஒன்றுகூடுகிறார்கள். தம் அடிக்கும் நேரத்துக்கு வேறு வேலை கிடைத்துவிடுகிறது. மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் ரத்தாகின்றன. முன்பு தடுத்த அதே நண்பன் இப்போது, "அதான் மலைக்குப் போயிட்டு வந்தாச்சே" என்று தீப்பெட்டியை எடுக்கிறான். இந்த ஏற்பாட்டின் பலமும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன: முடியும் தேதி முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் ஊரே இவ்வளவு ஒழுங்காக ஒத்துழைக்கிறது.

சுற்றம்தான் விடவைக்கிறது என்பதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, மாசச்சூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாம் இதயநோய் ஆய்வின் தரவு. நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் அதில் 12,067 பேரின் புகைப்பழக்கத்தையும் அவர்களுடைய உறவு, நட்பு வலைகளையும் 1971 முதல் 2003 வரை பின்தொடர்ந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணவன், மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36, சிறிய நிறுவனத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34, உடன்பிறந்தவர் விட்டால் 25. விட்டவர்கள் தனித்தனியாக விடவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டார்கள் என்பது அவர்கள் முடிவு. இந்த ஆய்வைப் பரிந்துரைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இதில் வரும் மனைவியும் நண்பரும் தாமே புகைத்து, தாமே விட்டவர்கள். "விட்டுடேன்" என்று சொன்னவர்களைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை.

எண்களையும் அப்படியே ஏற்கமுடியாது. ஒத்த குணமுள்ளவர்கள்தான் நண்பர்களாகிறார்கள். ஒரே அலுவலகத்தில் இருப்பவர்களை ஒரே தடை ஒரே நாளில் பாதிக்கிறது. இவற்றிலிருந்து ஒருவர் மற்றவர்மேல் செலுத்தும் தாக்கத்தை மட்டும் தனியே பிரித்தெடுப்பது இத்தகைய தரவில் ஏறக்குறைய முடியாத காரியம் என்று காஸ்மா ஷாலிசியும் ஆண்ட்ரூ தாமஸும் 2011இல் வாதிட்டார்கள். ஈதன் கோஹென்-கோல், ஜேசன் ஃபிளெட்சர் இருவரும் 2008லேயே இன்னும் குறும்பாக ஒன்று செய்தார்கள். அதே பாணிக் கணக்கைப் பதின்வயதினரின் தரவில் போட்டு, முகப்பருவும் தலைவலியும் ஏன், உயரமும்கூட நண்பர்களிடையே 'பரவுவதாக' காட்டினார்கள். அந்த 67 சதவீதத்தில் துணையின் பங்கு எவ்வளவு, ஒரே வீட்டின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் திறந்தே கிடக்கும் கேள்வி.

சரி, வீட்டில் இருப்பவரைப் பழக்கி ஊக்கம் கொடுக்க வைத்தால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். துணைவரின் ஆதரவைக் கூட்டும் திட்டங்களைப் பற்றிய சோதனைகளை காக்ரேன் அமைப்பு தொகுத்து 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, நீண்டகாலத்துக்கு விட்டவர்கள் அவற்றால் அதிகரித்ததாகத் தெரியவில்லை என்றது. பெரும்பாலான சோதனைகளில் துணைவர் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றமுடியவில்லை என்பது அதிலுள்ள இன்னொரு செய்தி. எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு மனைவியிடம் கையேட்டைக் கொடுத்து நாளையிலிருந்து இதமாகப் பேசுங்கள் என்றால், அந்த வீட்டில் ஏற்கெனவே இருபது வருஷப் பேச்சு பாக்கி நிற்கிறதே.

ஷெல்டன் கோஹெனும் எட்வர்ட் லிக்டன்ஸ்டைனும் 1990இல் இதை வேறு விதமாக அணுகினார்கள். துணைவர் எவ்வளவு பாராட்டினார் என்பதோடு எவ்வளவு குத்திக்காட்டினார் என்பதையும் கேட்டு, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தார்கள். பாராட்டு மேலோங்கிய இடத்தில்தான் விட்டவர்கள் விட்டபடி நின்றார்கள். நம் வீடுகளில் இந்த விகிதம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. சட்டையை மோந்து பார்ப்பது, பைக் சாவி எடுக்கிற சாக்கில் பாக்கெட்டைத் துழாவுவது, விருந்தாளி முன்னால் "இவராவது விடுறதாவது" என்பது. எல்லாம் அக்கறையில் செய்வதுதான். ஆனால் வாங்கிக்கொள்பவனுக்கு அது போலீஸ் வேலையாகத்தான் படுகிறது. இந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்ப்பது பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ. அவன் மறுபடி பிடித்தால் பழியும் அவர்களுக்கே, "வீட்ல நிம்மதி இல்ல, அதான்" என்று.

இதைவிட ஆபத்தானது பிள்ளை தலையில் அடித்து வாங்கும் சத்தியம். விட முயல்பவன் இடையில் ஒன்றைப் பற்றவைத்துவிடுவது மிகச் சாதாரணம். அந்த ஒரு சறுக்கல் முழுத் தோல்வியாக மாறுவது, அதை அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்பதைப் பொறுத்தது என்று ஆலன் மார்லட் 1985லேயே விளக்கினார். 'எல்லாம் போச்சு' என்று குற்றவுணர்வில் விழுகிறவன்தான் அடுத்த பாக்கெட்டை வாங்குகிறான். சத்தியம் அந்த ஒற்றைச் சிகரெட்டை மகளுக்குச் செய்த துரோகமாக்கிவிடுகிறது. உதவி தேவைப்படும் அந்த நேரத்தில் யாரிடமும் வாய்திறக்கமுடியாது. வாயில் ஹால்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான். வீடும் அவன் விட்டுவிட்டதாகவே நம்பி வாழ்த்திக்கொண்டிருக்கும்.

அந்நியர்கள் தரும் ஊக்கம் இந்த இடத்தில் மேலானது. 1979இல் லண்டனில் மைக்கேல் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் பொது மருத்துவர்களை வைத்து நடத்திய சோதனையில், ஒன்றும் சொல்லாமல் விடப்பட்டவர்களில் முதல் மாதத்தில் நிறுத்தி ஓராண்டு தாக்குப்பிடித்தவர்கள் 0.3 சதவீதம். ஓரிரு நிமிடம் அறிவுரை பெற்றவர்களில் 3.3. அறிவுரையோடு ஒரு துண்டறிக்கையும் "திரும்ப விசாரிப்போம்" என்ற முன்னறிவிப்பும் பெற்றவர்களில் 5.1. சிறிய எண்கள்தான், ஆனால் செலவும் சில நிமிடங்கள்தான். பிரிட்டனிலேயே 5,800 பேரிடம் நடந்து 2011இல் வெளியான குறுஞ்செய்திச் சோதனையில், ஊக்கச் செய்திகள் பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் ஆறு மாதம் விட்டிருந்தார்கள், மற்றவர்களில் 4.9. முகமில்லாத செய்தியிடம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊக்கத்தின் பெயரால் நடக்கும் இன்னொரு கெடுதல், மருந்தைக் கேவலமாகப் பார்ப்பது. நிகோடின் சூயிங்கம் மெல்லுகிறவனிடம் "அப்போ நீ இன்னும் விடல" என்கிறோம். மனஉறுதியை மட்டும் மெச்சுகிற சுற்றம், விடும் வாய்ப்பைக் கூட்டுவதாக நிறுவப்பட்ட உதவி ஒன்றை அவன் கையிலிருந்து தட்டிவிடுகிறது.

கடைசியாக, ஊக்கம் பெறுவதற்கு முதலில் புகைப்பது வெளியே தெரிந்திருக்கவேண்டும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்த ஆண்களில் 19 சதவீதம் பேரும் பெண்களில் 2 சதவீதம் பேரும் புகைக்கிறார்கள். அந்த இரண்டு சதவீதத்தில் ஒருத்தி "விடப்போகிறேன்" என்று குடும்பத்தில் சொன்னால், "எப்போ பிடிச்சே?" என்பதுதான் முதலில் வரும். விடுதியில் இருக்கும் கல்லூரி மாணவனுக்கும் ஏறக்குறைய இதே நிலைமை. இவர்களுக்கு உகந்தது 1800-11-2356 என்ற இலவச உதவி எண். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அது அச்சாகி வருகிறது. ஆனால் இவர்கள் பாக்கெட் வாங்குவதில்லை; ஒளித்துவைக்க இடமில்லாததால் பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குகிறார்கள். எண் அச்சிட்ட அட்டை கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது.