அந்நியர் யார்?
பேர்ல் பக்கின் இரு வரலாற்று நூல்களைப் பற்றிய ஓர் ஆய்வு

மிஷனெரிமாரின் வாழ்க்கை வரலாறுகளுக்கு நமது நூலகங்களில் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை அவர்களை அனுப்பிய சங்கத்தாராலோ, உடன் ஊழியராலோ, நன்றியுள்ள சபையாராலோ எழுதப்பட்டவை. மிஷனெரியின் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை, தன் பெற்றோரின் ஊழியத்தை உள்ளிருந்து நோக்கி எழுதிய நூல்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் முதலிடம் பெறத்தக்கவை பேர்ல் பக் அம்மையார் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரு நூல்கள். முதலாவது தாயைப் பற்றியது; 'நாடிழந்தவள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். மற்றது தந்தையைப் பற்றியது. 'போரிடும் தேவதூதன்' என்பது அதன் தலைப்பு. 1938-இல் இவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, சீனக் குடியானவரின் வாழ்வைச் சித்திரித்த நாவல்களோடு இவ்வரலாறுகளும் பாராட்டுக்கு உரியவையாயின.

எனினும் இறையியல் மாணவர் இவற்றை வாசிப்பது அரிது. மிஷன் வரலாற்றில் இவருடைய பெயர் வேறொரு காரணத்துக்காகவே நினைவுகூரப்படுகிறது. அயல்நாட்டு மிஷன் பணிக்கு நியாயம் உண்டா என்று 1932-இல் நியூயார்க்கில் இவர் ஆற்றிய உரை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1933-இல் இவர் பிரெஸ்பிட்டேரியன் மிஷன் போர்டிலிருந்து விலகினார். அன்று திருச்சபை இவருடைய உபதேசத்தைக் குறித்து வாதாடியது. மிஷனெரியின் மகள் என்ற முறையில் இவர் எழுப்பிய கேள்வியை அது செவிகொடுத்துக் கேட்டதா என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

நூல்களின் பின்னணி

அப்சலோம் சைடன்ஸ்டிரிக்கரும் அவருடைய மனைவி கரோலினும் தென் பிரெஸ்பிட்டேரியன் சபையால் 1880-இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டனர். எழுவர் பிறந்த அக்குடும்பத்தில் நால்வர் சிறு வயதிலேயே மாண்டனர். மூவரை இழந்தபின் பெற்றோர் விடுமுறையில் அமெரிக்கா சென்றிருந்த காலத்தில், 1892-இல், மேற்கு வர்ஜீனியாவில் பேர்ல் பிறந்தார். சில மாதக் குழந்தையாகவே சீனாவுக்குக் கொண்டுவரப்பட்டார். யாங்ஸி ஆற்றங்கரையிலுள்ள ஜென்ஜியாங் நகரில், சீனச் செவிலியின் மடியிலும் சீன ஆசிரியரின் பாடத்திலும் வளர்ந்தார். ஆங்கிலமும் சீனமும் அவருக்கு ஒருங்கே வாய்த்த மொழிகள். 1900-இல் பாக்ஸர் கலகம் மூண்டபோது தாயும் பிள்ளைகளும் ஷாங்காய்க்குத் தப்பியோட வேண்டியதாயிற்று. தந்தையோ தம் இடத்திலேயே தங்கினார். நேற்றுவரை உடன் விளையாடிய ஊரில் தான் அந்நியர் என்பதை எட்டு வயதில் அறிந்தவர் இவர்.

தாய் 1921-இல் மரித்தபின், குடும்பத்தாரின் நினைவுக்காக எழுதி வைக்கப்பட்டது முதல் நூல். அது பதினைந்து ஆண்டுகள் கழித்தே அச்சேறியது. இரண்டாவது, தந்தை 1931-இல் மரித்தபின் எழுதப்பட்டது. இந்த இடைவெளி நூல்களின் தன்மையிலும் காணப்படுகிறது.

இரு நூல்களின் மதிப்பீடு

முதல் நூல் அன்பினால் எழுதப்பட்டது, அதனாலேயே ஒருதலைப்பட்சமானது. தாய் தாம் குடியேறிய வீடுகளில் எல்லாம் தோட்டம் அமைத்து, பிறந்த நாட்டின் பூக்களை வளர்க்கிறார். பிள்ளைகளைப் புதைத்த மண்ணிலேயே அயலாரின் நோய்க்கும் துயரத்துக்கும் பணிசெய்கிறார். அவருடைய நற்குணம் ஒவ்வொன்றும் தந்தையின் குறை ஒன்றை எடுத்துக்காட்டும்படி அமைகிறது. வாசகர் தாய்க்காக இரங்குகிறார், தந்தையைப் புரிந்துகொள்வதில்லை.

இரண்டாவது நூலையே சிறந்ததாக நாம் மதிக்கிறோம். தந்தையின் கண்டிப்பையும், பெண்களைத் தாழ்வாக எண்ணிய அவரது போக்கையும், புதிய ஏற்பாட்டைச் சீனத்தில் மொழிபெயர்த்து அச்சிடுவதற்காக வீட்டுச் செலவுப் பணம் கரைந்ததையும் மகள் மறைக்கவில்லை. ஆயினும் அம்மனிதரின் அஞ்சாமையையும், தம் அழைப்பில் அவருக்கிருந்த மகிழ்ச்சியையும் நேர்மையோடு காட்டுகிறார். தந்தை பிள்ளைகளை வெறுத்தவர் அல்லர்; ஊழியத்தில் ஆழ்ந்திருந்தமையால் அவர்களைக் காணாதவர். வெறுக்கும் தந்தையைக் கண்டிக்க ஆகமம் உண்டு. தேவபக்தியினாலேயே பிள்ளையைக் காணாத தந்தையை என்னவென்று கூறுவது? நமது மேய்ப்புப்பணி இயலில் இதற்கு விடை எளிதில் அகப்படுவதில்லை.

மகனையோ மகளையோ தம்மிலும் அதிகமாய் நேசிப்பவன் தமக்குப் பாத்திரன் அல்லன் என்று கர்த்தர் கூறியதை (மத்தேயு 10:37) இங்குச் சிலர் எடுத்துரைப்பர். அவ்வசனம் சீஷன் எதை இழக்க ஆயத்தமாயிருக்கவேண்டும் என்பதைக் கூறுகிறது. பிள்ளை இழப்பதையும் சீஷனுடைய காணிக்கையாகக் கணக்கிடுவதற்கு அது இடம் தரவில்லை. பெற்றோர் அழைப்பைக் கேட்டுத் தாய்நாட்டை விட்டனர். பிள்ளையோ அழைப்பைக் கேட்கவுமில்லை, விடுவதற்கு ஒரு தாய்நாட்டை அறிந்திருக்கவுமில்லை. இவ்வேறுபாட்டை உணராதவன் இந்நூல்களை உணரான்.

பெற்றோர் இட்ட பெயர்

முதல் நூலில் ஆசிரியை தம் சிறுவயதை நேராகத் தம்முடையதென்று குறிப்பதில்லை. 'கம்ஃபர்ட்' என்ற தம் இரண்டாம் பெயரால், வேறொரு சிறுமியைப் போலவே குறிக்கிறார். 'ஆறுதல்' என்பது அதன் பொருள். மூன்று குழந்தைகளை இழந்த வீட்டில் அப்பெயர் யாருடைய தேவையைச் சொல்லுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மோசேயின் மகன் கெர்சோம் நம் நினைவுக்கு வருகிறான். அந்நிய நாட்டில் தான் பரதேசியானதைக் கருதி மோசே அப்பெயரை இட்டார் (யாத்திராகமம் 2:22). ஆனால் மீதியான் தேசம் தந்தைக்கே அந்நியம். அங்குப் பிறந்த மகனுக்கு அது தாய்நாடு. தந்தையின் ஏக்கம் மகனுக்குப் பெயராயிற்று. அவ்வாறே கரோலின் அம்மையார் மேற்கு வர்ஜீனியாவை 'நம் ஊர்' என்று பிள்ளைகளுக்குக் கதைகதையாகச் சொன்னார். பேர்ல் 1910-இல் வர்ஜீனியாவில் கல்லூரிப் படிப்புக்குச் சென்றபோது, அந்த 'நம் ஊரில்' தாம் அயலாள் என்பதைக் கண்டார். ஆகவே 'நாடிழந்தவள்' என்ற தலைப்பு தாய்க்கு முழுதும் பொருந்தாது என்பது எமது கருத்து. தாய்க்கு இழப்பதற்கு ஒரு நாடு இருந்தது. மகளுக்கோ இரண்டு இருந்தும் ஒன்றும் முற்றிலும் அவருடையதாகவில்லை.

இந்நிலைக்கு அறிஞர் பின்னர் ஒரு பெயரிட்டனர். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கரை ஆராய்ந்த ஜான் யூசீம், ரூத் ஹில் யூசீம் தம்பதியர், பெற்றோரின் பண்பாடும் அன்று, வாழும் நாட்டின் பண்பாடும் அன்று, இரண்டுக்கும் இடையே தோன்றும் வாழ்வை 'மூன்றாம் பண்பாடு' என்றனர். மிஷனெரிமாரின் பிள்ளைகளுக்கென 1901-இல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளியை அறிந்த நமக்கு இது புதிதன்று.

இந்நூல்களின் குறையையும் கூறவேண்டும். இரு உலகங்களும் தமக்குச் சமமாய்ச் சொந்தம் என்ற நம்பிக்கை ஆசிரியையின் எழுத்தெங்கும் உண்டு. சீனர் அதை ஏற்றனரா என்பதை அவர் போதிய அளவு ஆராயவில்லை. சீனாவைப் பற்றிய இவரது அறிவு மேலோட்டமானது என்று எழுத்தாளர் லூ சுன் கருதினார். 1972-இல் மீண்டும் சீனா செல்ல விரும்பியபோது அந்நாட்டரசு அனுமதி மறுத்தது. அடுத்த ஆண்டு மரித்த இவருடைய பென்சில்வேனியாக் கல்லறையில் இவரது பெயர் சீன எழுத்துகளிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

நமக்குரிய பாடம்

இது வெள்ளையர் மிஷனெரிமாரின் பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றிய நாள்முதல் நமது சபைகளும் குடும்பங்களை அயல்மொழி நாடுகளுக்கு அனுப்பிவருகின்றன. வடமாநிலத்தில் பிறந்து இந்தியோ ஒரு மலைமொழியோ பேசி வளர்ந்து, தமிழ்நாட்டு விடுதிப் பள்ளிக்கு வரும் பிள்ளை, விடுமுறையில் மட்டும் தாய் முகம் காண்கிறது. வளைகுடா நாடுகளில் வளர்ந்து திரும்பும் பிள்ளைகளும் நமது ஆராதனையில் அமர்ந்திருக்கின்றனர். 'உனக்குத் தமிழ் எழுதத் தெரியாதா?' என்று நாம் நகைக்கிறோம். மிஷனெரி ஞாயிறன்று மேடையில் நிறுத்தி அவர்கள் மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுகிறோம். அவர்கள் எதை விட்டுவந்தார்கள் என்று கேட்பதில்லை.

ஆயர் செய்யத்தக்கவை எளியவையே. அனுப்பும்போது பெற்றோருக்காக மட்டுமன்றிப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லியும் ஜெபிக்கவேண்டும். திரும்பி வரும்போது அவர்கள் துக்கத்தை நன்றியின்மை என்று எண்ணாது கேட்கவேண்டும். ஊழிய அறிக்கைகளில் அவர்களைப் பெற்றோரின் தியாகப் பட்டியலில் ஓர் இனமாகச் சேர்ப்பதை விடவேண்டும்.

முதிர்வயதில் யாக்கோபு, எகிப்தில் எகிப்தியத் தாய்க்குப் பிறந்த பேரர் இருவரைக் கண்டபோது, இவர்கள் யார் என்று கேட்டார். பின்பு அவர்களை அருகே வரச்செய்து முத்தமிட்டு அணைத்தார். அதற்கு முன்பே, ரூபனையும் சிமியோனையும் போல அவர்களைத் தம்முடையவர்கள் என்று கூறியிருந்தார் (ஆதியாகமம் 48). எகிப்தில் பிறந்தமை அவர்களுடைய ஆசீர்வாதத்துக்குத் தடையாகவில்லை. யார் என்று கேட்பதும், அருகே அழைப்பதும், நம்மவர் என்று ஏற்பதும் நமது சபைகளிலும் நிகழவேண்டும்.