கொண்டையராஜுவின் தெய்வச் சித்திரங்கள்

கோலசிலாங்கூர் வட்டாரத்திலும், அதற்கு வடக்கேயுள்ள தோட்டங்களிலும் தமிழர் வீட்டிற்குள் நுழைந்தால் முதலில் கண்ணிற்படுவது சுவரில் தொங்கும் சாமி படமேயாகும். லயங்கள் பல இடிந்தன. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. நம் ஜனங்களிற் பலர் பட்டணங்களிற் குடியேறினர். ஆயினும் படம் மட்டும் பழைய சுவரினின்று புதுச்சுவருக்கு மாறியிருக்கிறது. பக்தர் அதற்குக் கற்பூரம் காட்டுகின்றனர். சீர்திருத்தம் பேசுவோர் மூடநம்பிக்கையென்று முகஞ் சுளிக்கின்றனர். இருசாராரும் அதைச் சித்திரமாகப் பார்ப்பதில்லை. நாமோ அவ்வாறு பார்க்க விழைகின்றோம்.

இத்தகைய படங்களுக்குத் தமிழ்நாட்டில் வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்றவர், இளமையில் துறவை நாடித் திருவண்ணாமலையில் இரமணரிடம் தங்கியவர், இல்லறம் ஏற்காதவர். பின்னர் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதினார். 1940களில் கோவில்பட்டியில் நிலைத்து, மாணாக்கர் பலரைப் பழக்கினார். அருகிலிருந்த சிவகாசி அச்சகங்கள் அவர்களுடைய சித்திரங்களை நாட்காட்டிகளாக்கி எங்கும் பரப்பின.

அவர் புகழ்பெற்ற படைப்பாகிய மீனாட்சி கலியாணத்தை நோக்குவோம். மதுரைக் கோயிற் சிற்பத்தில் உள்ளவாறே மணமகள் நடுவில் நிற்கிறாள். திருமால் தாரை வார்க்கிறார். சிவன் கரம் பற்றுகிறார். ஆனால், கல்லில் இல்லாத ஒன்று இங்கு உண்டு. மரகதப் பச்சை மேனியளாகிய தேவியின் முகத்தில் நம் வீட்டு மணப்பெண்ணின் நாணம் தோன்றுகிறது. தெய்வத்தை மனித உறவுக்குள் கொணர்ந்ததே இவ்வோவியரின் பெருந்திறம் எனலாம்.

இயற்கையை அவர் கையாண்ட முறையில் நாடகத்திரையின் பழக்கம் தெரிகிறது. மலை, நீர், தாமரை யாவும் உருவத்தின் பின்னே அடங்கி நின்று அதற்கு ஒளியூட்டுகின்றன. அமைதி உண்டு, வெயிலும் வியர்வையும் இல்லை.

இப்படங்களாற் சமூகத்திற்கு விளைந்த நன்மையையும் மறத்தலாகாது. தீண்டாதார் எனப்பட்டோர் மதுரைக் கோயிலுக்குள் நுழைய 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. வைத்தியநாதய்யர் அன்று அவர்களை அழைத்துச் சென்றார். அச்சிட்ட படத்திற்கோ வாயில்காப்போன் இல்லை. சாதி கேளாமல், பூசாரியை எதிர்பாராமல், கூலிக்காரனும் தன் சுவரில் மீனாட்சியின் மணத்தைக் காணலாயிற்று. இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தொடங்கிய இவ்வேலையைத் தமிழ் முகத்தோடு நிறைவேற்றியவர் கொண்டையராஜு என்பதே நம் துணிபு.

எனினும் ஒரு குறை கூறாதிருக்க முடியவில்லை. இலக்குமியின் ஒவ்வொரு நகைக்கும் பொறுமையோடு ஒளியிட்ட இந்த மரபு, உழைப்பவன் கையை எழுத மறந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் நமக்கு நாள்தோறும் தெரிவன பேரேட்டிற் பெயராகவும் கூலித்தொகையாகவும் சுருங்கிப்போன மனிதர்களே. விடியுமுன் தலைவிளக்குடன் பால்மரங்களினூடே சென்ற நம் தாய்மாரின் முகங்கள் எந்த நாட்காட்டியில் உள்ளன? அம்மரங்களும் மறைந்தன, அம்முகங்களும் மறைந்துவருகின்றன. மலையருவியில் தெய்வீகம் கண்ட கண்ணுக்கு, அவ்விருட்டில் அசைந்த விளக்கொளியிலும் தெய்வீகம் புலப்பட வேண்டாமா?

ஆதலின், அன்பர்களே, படத்தைச் சுவரினின்று கழற்றுமாறு நாம் கூறவில்லை. அதனருகே பிள்ளைகளை நிறுத்தி, இது ஒரு மனிதன் கையால் எழுதியது என்று சொல்லுங்கள். அவர்கள் கையிலும் தூரிகை கொடுங்கள். மீனாட்சிக்கு அவர் அளித்த கவனத்தைத் தங்கள் பாட்டியின் முகத்திற்கு அவர்கள் அளிப்பார்களாயின், கொண்டையராஜுவின் கலைக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை அதுவேயாகும்.