பழந்துணியின் ஜீர்ணோத்தாரணம்

பழுதான ஆலயத்துக்கு ஜீர்ணோத்தாரணம் செய்வதை மகத்தான புண்ணியமாகப் போற்றும் நாம், பழுதான ஆடைக்கு மறுபிறவி அளிக்கும் வீட்டுத் தையலை, வறுமையின் அடையாளம் என்றெண்ணி, ஏறிட்டுப் பாராமலே கடந்துவிடுகிறோம். கரிசலில் பருத்தி வெடிப்பதையும், அருப்புக்கோட்டைத் தெருக்களில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பதையும், ஊடை ஓடும் தறியின் சப்தத்தையும் பிராயம் முதல் கண்டும் கேட்டும் வளர்ந்தவர்கள் அப்படிக் கடப்பதில்லை. ஒரு முழத் துணிக்குப் பின்னால் எத்தனை பேருடைய சரீரப் பிரயாசை இருக்கிறது என்பதை அறிந்தவர்களாதலால், கிழிந்த சேலையைக் கழித்துப்போட அவர்களுக்குக் கை வராது.

அந்தக் கைவேலையை ரசிக்க விரும்புகிறவர் முதலில் ஆடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளிப்புறம் பிறர் பார்வைக்காகத் தைக்கப்படுவது. உட்புறமோ தைத்தவரின் மனச்சாட்சி. பிசிர் தெரியாமல் ஓரம் மடிக்கப்பட்டிருக்கிறதா, பின்னால் பிரித்துப் பெரிதாக்குவதற்கென்று உள்ளே துணி தாராளமாக விடப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். வளரும் பெண்ணின் பாவாடையில் கீழ்விளிம்புக்கு மேலே ‘டக்’ என்னும் மடிப்புகள் இரண்டோ மூன்றோ இருக்கும். ஆண்டுக்கொன்றாக அவற்றைப் பிரித்து இறக்கும்போது, வெயிலில் வெளுத்த நீலத்தின் நடுவே, மடிப்புக்குள் மறைந்திருந்த ஆழ்ந்த நீலம் ஒரு கோடாக வெளிப்படும். அதைக் குறையென்று கருதாதீர்கள். குழந்தை வளர்ந்ததற்கு அந்தக் கோடே பிரத்தியட்ச சாட்சி.

இரண்டாவதாக, எதை எங்கே வெட்டினார் என்னும் விவேகத்தைப் பாருங்கள். சேலை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இற்றுப்போவதில்லை. குதிகாலில் உரசும் கீழ்க்கரையும், உட்கார்ந்து எழும் நடுப்பகுதியும் முதலில் நைந்துவிடும். முதல் சுற்றுக்குள் அடங்கியிருந்த உள்தலைப்போ, வெயில் படாததால், நிறமும் பலமும் குன்றாமல் இருக்கும். கைதேர்ந்தவர் உள்தலைப்பில் குழந்தைக்குச் சட்டையும், நைந்து மிருதுவான பகுதியில் பச்சிளங்குழந்தைக்குத் துணியும் எடுப்பார். நடுவில் இற்ற வேட்டியை நீளவாக்கில் கிழித்து, உறுதியான கரைகள் இரண்டும் நடுவில் சேரும்படி மூட்டிவிடுவார். வெட்டுக் கோணாமலிருக்கக் குறுக்கே ஓர் ஊடை இழையை மட்டும் உருவுவார். அந்த இழை போன வழியே தடமாகத் தெரிய, கத்தரிக்கோல் அதைப் பின்பற்றும்.

மூன்றாவதும் மிக நுட்பமானதும், ஒட்டும் துணியின் வயது. கிழிசலுக்குப் புதுத் துணியைத் தேடி நான் நின்றபோது, தறிவீட்டுப் பாட்டி ஒருத்தி, “கோடிய எடுத்துப் பழசுல வைக்காத தாயி, இழுத்துக்கிட்டுப் போயிரும்” என்று தடுத்தாள். கஞ்சி போகாத கோடித் துணி நனைந்ததும் சுருங்கும்; சுற்றியுள்ள நைந்த துணியையும் பற்றியிழுத்து, முன்னிலும் பெரிதாகக் கிழிக்கும். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டலாகாது என்று இயேசுநாதர் சொன்ன உவமையின் அடியில் இருப்பதும் இந்த அனுபவ ஞானமே. நூலுக்கும் இது பொருந்தும்: முறுக்கேறிய புது நூல் தளர்ந்த துணியை அறுத்துவிடும், அதே துணியில் உருவிய இழையோ, அதனோடு வெளுத்து, அதனோடு தளர்ந்து, அதன் பிராயத்தையே உடையதாக இருக்கும்.

இந்த உண்மையை விளக்க, இந்த மண்ணில் பிறந்த ஒருவரைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் அவதரித்து, 1896-ல் வீட்டைத் துறந்து அருணாசலத்தை அடைந்த ரமண மகரிஷி, மலையில் வாழ்ந்த இளமைக் காலத்தில் தம் கௌபீனம் கிழிந்தபோது, யாரிடமும் ஊசியோ நூலோ கேட்கவில்லை. ஒரு முள்ளில் துளையிட்டு ஊசியாக்கி, அந்தக் கௌபீனத்திலிருந்தே இழை உருவித் தைத்துக்கொண்டார். துறவின் மேன்மைக்காகச் சொல்லப்படும் இச்சம்பவத்தைத் தையல் அறிந்தவர்கள் கேட்டால் இன்னொரு வகையிலும் வியப்பார்கள். துணிக்கு ஏற்ற நூல் எதுவோ, அதுவே அங்கே அமைந்திருந்தது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெட்டியில் தாயாரோ பாட்டியாரோ ஒட்டுப்போட்ட துணி ஒன்று இருந்தால், இன்றே அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழையோட்டிய இடத்தில், பாவைப் போல நெடுக்காகவும் ஊடையைப் போலக் குறுக்காகவும் ஊசி ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கி, சிறு தறியொன்று அங்கே நடந்திருப்பது தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விரலை ஓட்டுங்கள். ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாமற்போனால், அந்தக் கைகளை ஒருமுறை மனத்தால் வணங்குங்கள்.