பதிவேட்டில் ஏறாத மென்பொருள்

லினக்ஸில் மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளை நிறுவப் பழைய வழி மூன்று கட்டளைகள்: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். முதலாவது, தேவையான லைப்ரரிகள் இருக்கின்றனவா என்று துழாவும். அடுத்தது கம்பைல் செய்யும். மூன்றாவது, கோப்புகளைப் பெரும்பாலும் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் கொண்டுபோய்ப் போடும்.

எனக்கு மனத்தாங்கல் அந்த மூன்றாவதோடுதான். எந்தக் கோப்பு எங்கே போனது என்று கணினியின் பொதுப் பதிவேட்டில் அது குறித்துவைப்பதில்லை. நீக்குவதற்கு மேக் அன்இன்ஸ்டால் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆண்டுகள் கழித்து டிஸ்ட்ரோ அதே லைப்ரரியின் புதிய பதிப்பைத் தந்தாலும், யூஎஸ்ஆர் லோக்கலில் கிடக்கும் பழையது முந்திக்கொள்ளக்கூடும். பாதுகாப்புத் திருத்தம் வந்துவிட்டது என்று பயனர் நம்பியிருப்பார். ஓடுவதோ ஓட்டையுள்ள பழைய நிரல்.

மாறாக, டெபியன் டிஸ்ட்ரோவின் தொகுப்பு மேலாளரான டிபிகேஜி, தான் நிறுவும் ஒவ்வொரு கோப்பையும் கணக்கில் வைக்கிறது. 1999-இல் டெபியன் 2.1-உடன் வந்த ஆப்ட், சார்புத் தொகுப்புகளைத் தானே தேடி இழுத்துவரும் வேலையையும் ஏற்றது. ஆனால் நமக்கும் நிரலை எழுதியவருக்கும் நடுவே தொகுப்பாளர் என்றொருவர் வந்து உட்கார்கிறார். 2006-இல் குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டெபியன் தொகுப்பில், சோதனைக் கருவி ஒன்று எச்சரித்த வரிகளை நீக்கினார்கள். அதோடு ரகசியச் சாவிகளின் தற்செயல்தன்மையே போயிற்று. ஒரு வகைச் சாவிக்குச் சுமார் 32 ஆயிரம் சாத்தியங்கள்தான் மிஞ்சின. 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. அசல் மூலநிரலைத் தானே கம்பைல் செய்தவருக்கு இந்தக் கேடு இல்லை.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரம் இன்னும் சிக்கலானது. வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்த, கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு ஸ்கிரிப்ட்தான் பின்கதவைத் திறந்தது. அதுவும் டெப் அல்லது ஆர்பிஎம் தொகுப்பாகக் கட்டும்போது மட்டுமே அது விழித்துக்கொள்ளும். தொகுப்பாளரைத்தான் குறிவைத்திருந்தார்கள். தானே கம்பைல் செய்தவர்கள் தப்பினார்கள் என்றால், அது நிரலைப் படித்துப் பார்த்ததால் அல்ல. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளரின் கண்ணில்தான் அந்தப் பின்கதவு பட்டது. பழைய பதிப்புகளையே வைத்திருக்கிறது என்று பலரும் அலுத்துக்கொள்ளும் டெபியன் ஸ்டேபிளுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேரவேயில்லை. சோதனைக் கிளையில் இருந்தவர்களுக்கும் ஒரு அப்கிரேட் போதுமானதாயிற்று. அந்தப் பதிப்பு தன் கணினியில் இருக்கிறதா என்று ஒரே கட்டளையில் பார்க்கவும் முடிந்தது. இந்த வசதி பதிவேடு இருப்பவர்க்கே கிடைக்கும்.

எனவே மூலநிரல் வழியே பாதுகாப்பானது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. லட்சக்கணக்கான வரிகளை யாரும் படித்துவிட்டு நிறுவுவதில்லை. அதன் உண்மையான பலம் வேறு: வேண்டிய வசதியைச் சேர்க்கலாம், பிழையை நம் கையாலேயே திருத்தலாம், தொகுப்பாளருக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அதற்காகப் பதிவேட்டைத் துறக்கவும் வேண்டியதில்லை. ஆப்ட் சோர்ஸ் கட்டளையால் டெபியனின் மூலநிரலை இறக்கி, திருத்தத்தைச் சேர்த்து, பதிப்பெண்ணில் நம் அடையாளம் ஒன்றை ஒட்டி, டெப் தொகுப்பாகவே கட்டி நிறுவலாம். தொகுப்பாகக் கட்ட இயலாதபோது, குனூ ஸ்டோ ஒவ்வொரு மென்பொருளையும் தனி அடைவில் வைத்துச் சிம்லிங்க்குகளால் இணைக்கும். வேண்டாதபோது முழுதாகக் கழற்றிவிடலாம். நேரடி மேக் இன்ஸ்டாலை, அழித்துவிட்டு மீண்டும் எழுப்பக்கூடிய கன்டெய்னருக்குள் மட்டும் வைத்துக்கொள்வேன்.